பூச்சிமருந்துக்கும் குழந்தைங்க முரட்டுத்தனத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

பருத்தி, மிளகாய் போடுற ஊர், அக்கா பையனுக்கு 5 வயசு, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான், தொட்டதுக்கெல்லாம் தங்கச்சிய அடிக்கிறான், மருந்து காத்து காரணமா இருக்குமான்னு கேட்டிருக்கீங்க.

இருக்கலாம். ஆனா இந்த பையனுக்கு அதுதான் காரணம்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, ரத்தசோகை, ஈயம், காது சரியா கேக்காதது, வீட்டு சண்டைன்னு வேற எவ்வளவோ இருக்கு. ஒரு ஊரு குழந்தைங்கள மொத்தமா வச்சு பாக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அப்படி பாத்தவங்க எலிசபெத் கில்லெட்னு ஒரு மானுடவியல் ஆராய்ச்சியாளர். இடம் மெக்சிகோவுல சோனோரா மாநிலம், யாக்கி பள்ளத்தாக்கு. பசுமைப் புரட்சிக்கு காரணமான விஞ்ஞானி நார்மன் போர்லாக் குட்டை ரக கோதுமைய வளர்த்து பாத்தது அங்கதான், அந்த விதைதான் 60கள்ல நம்ம நாட்டுக்கும் வந்துச்சு. அங்க கீழ சமவெளியில இருந்தவங்க உரம் மருந்துன்னு புது விவசாயத்துக்கு மாறிட்டாங்க, அது வேணாம்னு சொன்னவங்க மலையடிவாரத்துக்கு போய் மாடு கன்னு வச்சு பழையபடியே இருந்துட்டாங்க. ரெண்டும் ஒரே சனம், ஒரே மாதிரி சாப்பாடு, குழந்தைங்க உயரம் எடையிலயும் பெரிய வித்தியாசம் இல்ல. 1998ல வந்த அந்த ஆய்வுல 4, 5 வயசு குழந்தைங்கள ஒரு ஆள் படம் வரைய சொன்னாங்க. மலையடிவார குழந்தைங்க தலை, கண்ணு, கை, காலோட வரைஞ்சிருக்கு, சமவெளி குழந்தைங்க நிறைய பேரோட பேப்பர்ல வெறும் கோடுதான், கிறுக்கல்தான். பந்து பிடிக்கிறது, குதிக்கிறது, அரை மணி நேரம் கழிச்சு "உனக்கு என்ன தரேன்னு சொன்னேன்"னு கேட்டா ஞாபகமா சொல்றது, எல்லாத்துலயும் சமவெளி குழந்தைங்க பின்னாடி. நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்றது இன்னொண்ணு, அந்த குழந்தைங்க பக்கத்துல போற தம்பி தங்கச்சிய சும்மா அடிச்சுட்டு போகுதாம், அம்மா லேசா ஏதாவது சொன்னாலே கோவம் பொத்துக்கிட்டு வருதாம், கூடி விளையாடுறதும் கம்மியாம். மொத்தமே 50 குழந்தைங்கதான், சின்ன ஆய்வுதான். ஆனா அந்த படங்கள பாத்தா மனசு ஆற மாட்டேங்குது.

பெரிய ஆய்வு கலிபோர்னியாவுல சலினாஸ்ல நடந்துச்சு. 1999, 2000ல பண்ணை வேலை செய்ற குடும்பத்து கர்ப்பிணிகள் சுமார் 600 பேர சேத்து, அவங்க சிறுநீர்ல ஆர்கனோபாஸ்பேட்ங்கிற வகை பூச்சிமருந்தோட மிச்சம் எவ்வளவுன்னு பாத்துட்டு குழந்தைங்கள வருசக்கணக்கா தொடர்ந்தாங்க. கர்ப்பத்துல அதிகமா இருந்த அம்மாக்களோட குழந்தைங்களுக்கு 5 வயசுல கவனக்குறைவு அதிகம், குறிப்பா பசங்களுக்கு. 7 வயசுல ரொம்ப அதிகம் இருந்த கூட்டத்துக்கும் ரொம்ப கம்மியா இருந்த கூட்டத்துக்கும் ஐக்யூவுல 7 புள்ளி வித்தியாசம். பொறந்த பிறகு குழந்தை உடம்புல இருந்த அளவ விட வயித்துல இருந்தப்போ அம்மா உடம்புல இருந்த அளவுக்கும் இந்த பாதிப்புக்கும்தான் சம்பந்தம் தெரிஞ்சுச்சு.

இதுல எனக்கு ஆதங்கம் என்னன்னா, நம்ம ஊர்ல பாதுகாப்புன்னு யார் பேசினாலும் மருந்தடிக்கிற ஆம்பளைகிட்டதான் பேசுறாங்க, மாஸ்க் போடு, கையுறை போடு, காத்து அடிக்கிற பக்கம் பாத்து அடின்னு. அது வேணும்தான். ஆனா எங்க பக்கம் நான் பாக்குறது, சாயங்காலம் டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்ச சட்டையோட அப்பா வந்து திண்ணையில உக்காருவாரு, புள்ள ஓடிப்போய் மடியில ஏறும், அந்த சட்டையையும் லுங்கியையும் எல்லார் துணியோடயும் ஊறப்போட்டு கசக்குறது அந்த வீட்டு பொண்ணு, மாசமா இருந்தாலும் அவதான். மருந்தடிச்ச மறுநாளே களையெடுக்க போறதும் அவதான். அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்ல.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட் எல்லாம் இந்த ஆர்கனோபாஸ்பேட் வகைதான். நரம்புல சேதி கடத்துற அசிட்டைல்கோலின்ங்கிற பொருள, அது வேலை முடிஞ்சதும் உடைக்கிற நொதிய முடக்கித்தான் பூச்சிய கொல்லுது, அதே நொதி நமக்கும் இருக்கு. அந்த விஷத்த உடைக்கிற சக்தி கைக்குழந்தைக்கு பெரியவங்கள விட ரொம்ப குறைவு. குளோர்பைரிபாஸ ஐரோப்பிய யூனியன் 2020ல நிறுத்தினதுக்கு குழந்தைங்க மூளை வளர்ச்சி பத்தின பயமும் ஒரு காரணம்.

அக்கா வீட்டுல உடனே செய்ய முடிஞ்சது இருக்கு. மச்சான் வாசல்லயே துணி மாத்தி, குளிச்சுட்டு உள்ள வரட்டும், அந்த துணி தனி வாளியில, முடிஞ்சா அவரே அலசட்டும். மருந்து பாட்டில் வீட்டுக்குள்ள வேண்டாம், காலி டப்பாவுல எதையும் பிடிச்சு வைக்க வேண்டாம். அக்கா அடுத்து உண்டானா மருந்து கலக்குறது, அடிச்ச காட்டுல இறங்குறது ரெண்டும் கூடவே கூடாது, வீட்டுல யார் என்ன சொன்னாலும் சரி.

பையன அடிச்சு திருத்த பாக்காதீங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில குழந்தை வளர்ச்சிக்குன்னே மாவட்ட இடையீட்டு சேவை மையம் இருக்கும், காசு கிடையாது, அங்க கூட்டிட்டு போங்க. போகும்போது வீட்டுல அடிக்கிற மருந்தோட பேர எழுதி எடுத்துட்டு போங்க, டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க.