கேட் மறுபடி எழுதுகிறீர்களா? முதலில் பழைய விடைத்தாளை எடுங்கள்

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் கேட் (CAT). அதன் முடிவு வந்த பிறகு எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "நினைத்த மார்க் வரவில்லை, அடுத்த வருடம் எழுதப் போகிறேன், என்ன செய்வது?" திருச்சியில் இந்தத் தேர்வுக்குப் பல வருடமாகப் பாடம் எடுப்பவள் என்பதால் இந்த வாரப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். ஊர் நாமக்கல் பக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சென்ற நவம்பரில் கேட் எழுதியதில் 78 பெர்சென்டைல்தான் வந்தது. மாதிரித் தேர்வான மாக் டெஸ்ட்களில் 90 தொட்டிருக்கிறேன். ஆங்கிலப் பகுதியில் 20 கேள்விக்குப் பதில் போட்டதில் 9 சரி. டி.ஐ.எல்.ஆரில் (தகவல் அலசல், தர்க்கப் பகுதி) 8 போட்டு 4, கணக்கில் 14 போட்டு 7. மொத்தம் 44 மார்க். எல்லாப் புத்தகத்தையும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கட்டுமா? கோச்சிங் சென்டரை மாற்றட்டுமா? வீட்டில் அப்பா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். சமீப வருடங்களில் கேட் தேர்வு எழுத வருகிறவர்கள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல். வேலை பார்த்துக்கொண்டே எழுதி அவர்களில் 78 சதவீதம் பேருக்கு முன்னால் நிற்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் இன்னும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஐ.ஐ.எம். இடம் வேண்டும் என்றால் அவர்களில் பெரும்பாலோரைத் தாண்டியாக வேண்டும். இது முடியாத காரியமில்லை. ஏன் என்று உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

42 கேள்விக்குப் பதில் போட்டதில் 20 சரி. சரியான விடைக்கு மூன்று மார்க் என்றால் 60 வந்திருக்க வேண்டும், கைக்கு வந்தது 44. அதாவது தவறாய்ப் போன 22-ல் 16 கேள்விக்குத் தலா ஒரு மார்க் நெகட்டிவில் போயிருக்கிறது. மற்ற ஆறு தவறுகள் விடையை டைப் செய்யும் கேள்விகளில் நடந்திருக்கும், அவற்றுக்கு நெகட்டிவ் கிடையாது. மார்க் போனது இருக்கட்டும், நேரத்தைப் பாருங்கள். 120 நிமிடத்தில் 42 கேள்வி என்றால் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். தவறாய்ப் போன 22 கேள்விகளில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவாகியிருக்கிறது. பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது!

அதனால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். தேர்வு முடிந்ததும், நீங்கள் போட்ட விடைகள் இருக்கும் ரெஸ்பான்ஸ் ஷீட்டை டவுன்லோடு செய்து வைத்திருப்பீர்கள். அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்காருங்கள். விடையைப் பார்க்காமல், கடிகாரம் வைக்காமல், தவறாய்ப் போன 22 கேள்விகளையும் மறுபடி போடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள். பாடமே தெரியாதது. தெரிந்தும் தவறியது. தொட்டிருக்கவே கூடாதது.

தெரிந்தும் தவறியது என்றால் என்ன? நேரமும் வேலையும் கணக்கில் 'ஏ மட்டும் எத்தனை நாளில் முடிப்பார்' என்று கேட்டிருப்பான். நீங்கள் இருவரும் சேர்ந்து முடிக்கும் நாளைக் கண்டுபிடித்து, அது ஆப்ஷனில் இருப்பதைப் பார்த்ததும் டிக் செய்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். அந்த எண்ணை ஆப்ஷனில் வேண்டுமென்றேதான் வைத்திருப்பார்கள். இதற்கு மருந்து புதுப் பாடம் இல்லை. விடை போடுவதற்கு முன்னால் கேள்வியின் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கும் பழக்கம்தான். இதை மாக் டெஸ்டில் மட்டுமல்ல, தினசரிப் பயிற்சியிலும் செய்தால்தான் கைக்கு வரும்.

தொட்டிருக்கவே கூடாதது என்ற வகையில்தான் பெரும்பாலும் அதிக எண்ணிக்கை வரும். என்னிடம் வரும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலிருந்தே எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிப் பழகியவர்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போவது அவர்களுக்குத் தோல்வி மாதிரி படுகிறது. கேட் அப்படிப்பட்ட தேர்வே இல்லை. அண்மை வருடங்களில் மொத்த மார்க்கில் பாதிகூட எடுக்காதவர்கள் 99 பெர்சென்டைல் வாங்கியிருக்கிறார்கள். 68 கேள்வி, 204 மார்க் என்ற கணக்கில் நூறுகூட வேண்டியிருக்கவில்லை. நல்ல கேள்விகளைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே இடம்.

இந்தப் பொறுக்கும் வேலை மிக அதிகமாகத் தேவைப்படுவது டி.ஐ.எல்.ஆரில். 2024-ல் 22 கேள்விகள் ஐந்து செட்டாக, அதாவது ஒரே தகவலை ஒட்டிய கேள்விகளின் தொகுதிகளாக, வந்தன. 40 நிமிடம். முதல் செட்டையே பிடித்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் போராடுகிறவர்களை நான் எல்லா வருடமும் பார்க்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். முதல் ஐந்தாறு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஐந்து செட்டையும் படியுங்கள். நிபந்தனைகள் இறுக்கமாக இருக்கிறதா, எண்கள் கொடுத்திருக்கிறார்களா, ஒரு அட்டவணை போட்டால் உடனே இரண்டு மூன்று கட்டங்கள் நிரம்புகிறதா என்று பாருங்கள். அப்படி நிரம்பும் செட்டை முதலில் எடுங்கள். இரண்டு செட்டை முழுதாக முடித்து மூன்றாவதில் ஒன்றிரண்டு கேள்வி போட்டாலே உங்கள் இப்போதைய நாலு, பத்தாகிவிடும். எட்டு நிமிடம் ஆகியும் அட்டவணை நகரவில்லை என்றால் அந்த செட்டை விட்டுவிடுங்கள். மனசு ஒப்பாது, இருந்தாலும் விடுங்கள்.

ஆங்கிலப் பகுதிக்கு வருவோம். 20-ல் 9. இதில்தான் உங்களுக்குப் பெரிய நஷ்டம். 24 கேள்வியில் 16 நான்கு பத்திகளிலிருந்து வருபவை. இந்த ஆப்ஷன்களில் ஏமாறும் விதத்தைத் தமிழிலேயே காட்டுகிறேன். கைத்தறி நெசவைப் பற்றி ஒரு பத்தி என்று வையுங்கள். நூல் விலை ஏறியது, கூட்டுறவுச் சங்கங்கள் நலிந்தன, அத்தோடு மின்தறியும் வந்தது என்று சொல்லிக்கொண்டு போகிறார் கட்டுரையாளர். கைத்தறி சரிந்ததற்கு அவர் சொல்லும் காரணம் என்ன என்று கேள்வி. ஒரு ஆப்ஷன், 'மின்தறியின் வருகையால் கைத்தறி அழிந்தது' என்று இருக்கும். படித்ததும் சரி என்று தோன்றும். நமக்கு ஏற்கெனவே இருக்கும் அபிப்பிராயமும் அதற்கு ஒத்துப்போகும். ஆனால் அவர் மூன்றில் ஒன்றாகச் சொன்னதை ஆப்ஷன் ஒரே காரணம் ஆக்கிவிட்டது. சரிந்தது என்பதை அழிந்தது என்றும் ஆக்கிவிட்டது. தவறாய்ப் போன உங்கள் பதினொன்றில் பத்திக் கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்தி சொன்னதைவிட ஆப்ஷன் எந்த இடத்தில் கூட்டிச் சொல்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். நாலைந்து போட்டதுமே உங்கள் கண்ணுக்கு அந்த வளைவு தெரிய ஆரம்பித்துவிடும்.

அப்புறம் வாசிப்பு. தினசரித் தலையங்கம் மட்டும் போதாது. மானுடவியல், தத்துவம், சூழலியல், பொருளாதார வரலாறு என்று நமக்குப் பழக்கமில்லாத விஷயங்களில்தான் பத்திகள் வருகின்றன. தினம் அப்படி ஒரு நீண்ட கட்டுரை படியுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரிதான். ஆங்கிலத்திலேயே யோசி என்று பிள்ளைகளை மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. வாதம் புரிந்துவிட்டதா என்பதுதான் முக்கியம், புரிந்தது எந்த மொழியில் என்பது இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த என் மாணவர்கள் இப்படி எழுதி எழுதியே இந்தப் பகுதியில் தேறியிருக்கிறார்கள்.

கணக்கில் அரித்மெட்டிக்கும் அல்ஜீப்ராவும்தான் பெரும்பங்கு. இரண்டையும் ஜூன் மாதத்துக்குள் உறுதியாக்கிவிடுங்கள். மற்றவற்றில் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மாக்கில் 90, தேர்வில் 78 என்கிறீர்கள். அந்த மாக்கை எப்போது எழுதினீர்கள்? ராத்திரி பத்து மணிக்கு, நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து எழுதியிருந்தால் அந்த 90-ஐ நம்ப முடியாது. கேட் காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30 என்று மூன்று ஸ்லாட்டில் நடக்கிறது. ஒரு பகுதிக்கு 40 நிமிடம் முடிந்தால் அதற்குத் திரும்பிப் போக முடியாது. ஆகஸ்டிலிருந்து வாரம் ஒரு மாக், இந்த மூன்று நேரங்களில் மாற்றி மாற்றி எழுதுங்கள். நவம்பரில் அட்மிட் கார்டு வந்ததும் உங்கள் ஸ்லாட் நேரத்திலேயே எழுதுங்கள். எழுத இரண்டு மணி நேரம் என்றால் அலசுவதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அலசாமல் முப்பது மாக் எழுதுவதைவிட, அலசி எழுதும் பதினைந்து மேல். பழைய வினாத்தாள் எடுக்கும்போது 2020-க்குப் பிந்தையதாகப் பாருங்கள். அந்த வருடம்தான் தேர்வு மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமானது.

கோச்சிங்கை மாற்றுவது பற்றி: அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்த பிறகு, 'பாடமே தெரியாதது' பாதிக்கு மேல் இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை அப்பாவிடமே கொடுங்கள்.

கேள்வி: என் மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். கேட்டில் 85 வந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து முழு நேரமும் படிக்கிறேன் என்கிறாள். விடச் சொல்லலாமா?
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: வேண்டாம், அம்மா. பல ஐ.ஐ.எம்.கள் பட்டியல் போடும்போது வேலை அனுபவத்துக்கும் மார்க் கொடுக்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மார்க்கை இனி மாற்ற முடியாது, அனுபவம் மட்டும் ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போகிறது. அதை ஏன் நிறுத்த வேண்டும்? வேலையை விட்டால் இன்டர்வியூவிலும் அந்த இடைவெளியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் சும்மா இருந்து படிக்கிறோம் என்ற பாரம் தேர்வு அறையில் அவள் தோளில் உட்கார்ந்திருக்கும். நன்றாகப் படித்த பெண்கள் அந்தப் பாரத்திலேயே நடுங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். தினம் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறு ஐந்து மணி நேரம் போதும். அக்டோபர், நவம்பருக்கு லீவைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, கேட் ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம். வேறு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுகளும் உண்டு. ஜனவரியில் எக்ஸாட் வருகிறது. என்மாட், ஸ்னாப் இரண்டையும் ஒரே சீசனில் மூன்று தடவை வரை எழுதலாம்.

கேள்வி: வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஜிமேட் எழுதினேன். 565 வந்திருக்கிறது. குவான்ட் (கணக்கு) நன்றாக வந்தது, டேட்டா இன்சைட்ஸில் (தகவல்களை அலசும் பகுதி) விழுந்துவிட்டேன். சூட்டோடு சூடாக மறுபடி எழுதிவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: 16 நாள் கழித்து எழுத விதி இடம் கொடுக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை எழுதலாம். ஆனால் 16 நாளில் பலவீனம் சரியாகாது, பணம்தான் போகும். இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து புது வடிவம் மட்டும்தான் இருக்கிறது. குவான்ட் 21 கேள்வி, வெர்பல் 23, டேட்டா இன்சைட்ஸ் 20, தலா 45 நிமிடம். மொத்த மார்க்கில் மூன்றுக்கும் சம பங்கு. நம் இன்ஜினியரிங் பிள்ளைகள் இதை மறந்துவிட்டு, ஏற்கெனவே வலுவாக இருக்கும் குவான்டையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். குவான்டில் இன்னும் இரண்டு கேள்வி சரியாக்குவதைவிட டேட்டா இன்சைட்ஸில் ஐந்து சரியாக்குவது உங்களுக்குச் சுலபம். அதில் டேட்டா சஃபிஷியன்ஸி கேள்விகளை முதலில் கையில் எடுங்கள். விடையைக் கண்டுபிடிக்காமல், கொடுத்த தகவல் போதுமா என்று மட்டும் முடிவு செய்யப் பழக வேண்டும். கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்பவர்களுக்கு அங்கேதான் நேரம் கரைகிறது. எந்தப் பகுதியிலும் கடைசிக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள், முடிக்காமல் விட்டால் மார்க் குறையும். பகுதியின் முடிவில் மூன்று விடை வரை மாற்றலாம் என்பதால், சந்தேகமானதை புக்மார்க் செய்துவிட்டு நகருங்கள். மார்க்கைப் பார்த்த பிறகுதான் எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யப் போகிறீர்கள். ஆகவே இந்த 565-ஐ யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: கேட்டில் விடை தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் போடலாமா?
– மாணவி, விருதுநகர்

பதில்: நாலு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டால், நாலு தடவையில் ஒரு தடவை மூன்று மார்க் வரும், மூன்று தடவை ஒவ்வொரு மார்க் போகும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். அதனால் போடாதீர்கள். இரண்டு ஆப்ஷன் நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தால் மீதி இரண்டில் ஒன்றைப் போடலாம், சராசரியில் ஒரு மார்க் லாபம். நாமக்கல் தம்பிக்கு நான் சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை. அவர் மூன்று மூன்று நிமிடம் செலவழித்துத் தவறு போட்டார். நீங்கள் சொல்வது அரை நிமிட வேலை. டைப் செய்யும் கேள்விக்கு நெகட்டிவ் இல்லையே, அதை மட்டும் ஒருபோதும் காலியாக விடாதீர்கள். பகுதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மீதமிருக்கும் கட்டங்களில் மனதுக்குப் பட்ட எண்ணை அடித்துவிட்டு வாருங்கள்.