ஐந்து சதவீதமும் தொண்ணூறு நாளும்

அன்புள்ள ஐயா,

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நேரடி சப்ளையர்கள் வெளியே கொடுக்கும் வேலையில் 5 சதவீதத்தைப் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள் நடத்தும் பட்டறைகளுக்கு சப்-கான்ட்ராக்டாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கப்போகிறோம். கட்டாயமாக்குவதா, ஊக்கத்தொகை தருவதா? தரம் குறையும் என்கிறார்களே? வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல காரியம். இப்படி ஒன்றை ஒப்பந்தத்தில் எழுத நினைப்பவர்களே அபூர்வம்.

தரம் பற்றிய பேச்சை விடுங்கள். புஷ் என்ற உருளைப் பாகத்தின் உள்விட்டத்தை அளக்கும் கேஜுக்கு முதலாளியின் சாதி தெரியாது. மாதிரி தேறினால் ஆர்டர், இல்லையென்றால் இல்லை.

பினாமி வரத்தான் செய்யும். 51 சதவீதப் பங்கை மனைவி பெயரில் காட்டி, சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் வாங்குவது பெரிய வேலை இல்லை. செக்கில் கையெழுத்து யாருடையது, ஸ்டீலுக்கு ஆர்டர் போடுவது யார் என்று நேரில் போய்க் கேளுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வெறும் சதவீதம் என்ன செய்யும் என்பதற்கு மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணையே உதாரணம். பட்டியலினத்தவர், பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களுக்கு 4 சதவீதம். 2018ல் பெண்களுக்கு 3 சதவீதம் சேர்ந்தது. ஆனால் அந்த 4 சதவீதத்துக்கு டெண்டரில் யாரும் வரவில்லை என்றால் மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஏன் வரவில்லை என்ற கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

ஏன் வருவதில்லை? பணம்தான். உங்கள் கம்பெனி சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் தருகிறது? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லையே, எஸ்!

ஒரு பட்டறை மாதம் 10 லட்சத்துக்கு புஷ் கடைந்து தருகிறது என்று வையுங்கள். அதில் ஸ்டீல் 6 லட்சம். ஸ்டீல் கடைக்காரர் கையில் காசு கேட்பார், மிஞ்சினால் 15 நாள் பொறுப்பார். உங்கள் சப்ளையர் 90 நாள் கழித்துத் தருகிறார். எப்போது பார்த்தாலும் 30 லட்சம் வெளியே நிற்கும், அதில் 18 லட்சம் ஸ்டீல் காசு. ஜிஎஸ்டியோ பணம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். அடமானம் வைக்கப் பரம்பரை நிலம் இருப்பவர் தாக்குப்பிடிப்பார். நீங்கள் தேடுகிற ஆளுக்கு அந்த நிலம்தான் இல்லை.

அதே வேலையை ஜாப் ஒர்க்காகக் கொடுத்தால்? கம்பியை சப்ளையரே டெலிவரி சலானில் அனுப்புவார். பில் கூலிக்கு மட்டும், 4 லட்சம். 45 நாளில் பணம் வந்தால் நிற்பது 6 லட்சம். ஓராண்டுக்குள் பொருள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதி இதற்கு இடைஞ்சலே இல்லை.

இங்கேதான் உங்கள் 5 சதவீதம் கெடுதல் செய்கிறது. ஜாப் ஒர்க் கொடுத்தால் கணக்கில் 4 லட்சம்தான் ஏறும், முழுக் கொள்முதலாகக் காட்டினால் 10. இலக்கைத் தொட வேண்டிய சப்ளையர் இரண்டாவதைத்தான் செய்வார். ரிப்போர்ட் அழகாக வரும், பட்டறை கந்துவட்டிக்குப் போகும். ஆகவே இலக்கை ஸ்டீல் விலை நீக்கிய மதிப்பில் வையுங்கள்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றதாகவே அர்த்தம். ஆனாலும் குறை சொல்லிப் பில்லில் பணத்தைக் கழிக்கும் டெபிட் நோட் மூன்றாம் மாதம் வருகிறது. அரசிடம் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். மேலும் அந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். உங்கள் சப்ளையர் நடுத்தர நிறுவனம் என்றால் அவரை நீங்கள் 90 நாள் காக்கவைக்கலாம், அவர் கீழே 45ல் தர வேண்டும். இடையில் உள்ள 45 நாளை யார் சுமப்பது?

வாசகம்தானே கேட்டீர்கள்? ‘சப்-கான்ட்ராக்ட் பில்லுக்கு 45 நாளுக்குள் பணம் போன வங்கிச் சான்றைக் காட்டும் சப்ளையருக்கு, அவருடைய பில்லுக்கு 30 நாளில் பணம் தரப்படும்.’ கட்டாயமா ஊக்கமா என்ற கேள்வியும் இதிலேயே அடங்கிவிடும். உங்கள் ஃபைனான்ஸ் பிரிவு இதில் கையெழுத்துப் போடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.