கல்லடி ரீச்சர் பதில்கள்: அழுத இடத்தில் ஆடலாமா?

இரண்டு இதழ்களுக்கு முன் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2023 மார்ச்சில் ஜப்பானில், அந்த நாட்டு ஸ்கேட்டர் யுசுரு ஹன்யூவின் ஐஸ் ஸ்கேட்டிங் நிகழ்ச்சியைப் பார்த்தேன் என்று நாலு வரி எழுதியிருந்தேன். சுனாமியில் இறந்தவர்களைக் கிடத்தியிருந்த மண்டபத்தில், அந்த மக்களுக்காகவே நடந்த நிகழ்ச்சி அது. அந்த நாலு வரிக்குப் பதினேழு கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும்தான் பதில். கணவர், மாமியார் பிரச்சினை எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைதீவிலிருந்து ஒரு விளையாட்டுக் கழகச் செயலாளர்: ரீச்சர், டிசம்பர் 26-ஐ ஒட்டி எங்கள் கழகம் ஒரு கூத்தும் சில நடனங்களும் மேடையேற்றி, டிக்கெட் போட்டு, வரும் காசை ஊர் முன்பள்ளிக்குக் கொடுக்க நினைக்கிறது. பெரியவர்கள் சிலர் “சனம் செத்த நாளில் சலங்கையா?” என்று கேட்கிறார்கள். நீங்களோ பிணங்கள் கிடந்த மண்டபத்தில் ஆட்டம் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தம்பி, மனம் வரவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் மகள் செண்டாய் நகரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். டிக்கெட்டுக்குக் குலுக்கலில் பெயர் போட்டு, இரண்டு கிடைத்ததும் என்னை வரச் சொன்னாள். மண்டபத்தின் கதையை மட்டும் சொல்லவில்லை. செண்டாய் ஸ்டேஷனிலிருந்து ரிஃபு என்ற ஊருக்கு பஸ்ஸில் போகும்போதுதான், “அம்மா, ஒரு விசயம் சொல்ல வேணும்” என்று தொடங்கினாள். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு அந்த அரீனாவில்தான் பிணங்களை வரிசையாகக் கிடத்தி, உறவினர்கள் வந்து அடையாளம் காட்டினார்களாம். “பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லு புள்ள, நான் இறங்கப் போறன்” என்றேன்.

ஏனென்று மட்டக்களப்பு நாவலடியைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். 2004-ல் சுனாமி அடித்த அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, போயா என்ற பௌர்ணமி விடுமுறை. என் தங்கச்சி வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கிட்ட எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெறும் தரையில் வரிசையாகக் கிடந்தவர்களுக்குள் நானும் அவள் கணவரும் தேடினோம். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டைக் கையில் நான் பச்சை நூலால் போட்ட தையல்தான் காட்டிக்கொடுத்தது. வெள்ளை நூல் முடிந்துபோனதால் பச்சையில் தைத்துக் கொடுத்திருந்தேன். சின்ன மகன் கிடைக்கவேயில்லை. அப்படி ஒரு வரிசைக்குள் நடந்தவளுக்கு, அதே போன்ற வரிசை கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்து கைதட்ட எப்படி மனம் வரும்?

மகள் ஒன்றுதான் கேட்டாள்: “அம்மா, நீங்க அவர ரசிக்கத் தொடங்கினது எதால?”

அது உண்மைதான். 2014-ல் சோச்சி ஒலிம்பிக் நடந்தபோது கல்லடி வீட்டில் டிவியில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தங்கம் வாங்கியதைப் பார்த்தோம். மீன்காரரின் பெட்டியில் தவிர ஐஸை அதுவரை நான் கட்டியாகக் கண்டதில்லை. அழகாக ஆடினான் என்பதோடு விட்டிருப்பேன். ஆனால் மகள் அவன் கதையைத் தேடிப் படித்துச் சொன்னாள். பூமி அதிர்ந்த நேரம் அவன் செண்டாய் ரிங்கில், அதாவது ஐஸ் ஆடுகளத்தில், பயிற்சியில் இருந்தான். வயது பதினாறு. காலில் போட்டிருந்த ஸ்கேட்டைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே வெளியே ஓடினான். பிறகு குடும்பத்தோடு நாலு நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் அகதியாகப் படுத்தான். மின்சாரம் இல்லாத அந்த இரவில் வானம் முழுக்க நட்சத்திரம் தெரிந்ததாம். நான் பார்க்கப் போன நிகழ்ச்சிக்கு அதனால்தான் ‘நொட்டே ஸ்டெல்லாட்டா’ என்று பெயர். இத்தாலிய மொழியில் நட்சத்திர இரவு.

அப்போ நான் ரசிகையானது அவன் தாவியதால் மட்டும் அல்ல. ஓடி வந்தவன் என்பதாலும்தான். பஸ்ஸில் இருந்து இறங்கவில்லை.

என் பக்கத்துக் கதிரையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா. இஷினோமாக்கியிலிருந்து வந்தவர். சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. நாங்கள் இலங்கை, 2004 என்று மகள் சொன்னதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யாரை இழந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே நல்ல குளிர். தன் பையிலிருந்து ‘கைரோ’ என்ற சின்னப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்தால் தானாகச் சூடாகும் பொட்டலம். இப்போது கல்லாகிவிட்டது. என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.

விளக்குகள் அணைந்தன. வெள்ளை உடையில் ஒரே ஒரு ஆள் வந்தார். டிவியில் வராத ஒரு சத்தத்தை அங்கேதான் கேட்டேன். கத்தி ஐஸை வெட்டும் சத்தம். மெதுவாகப் போகும்போது பட்டுச்சீலை உரசுவதுபோல, தாவி இறங்கும்போது தேங்காய் உடைப்பதுபோல. ஆயிரக்கணக்கான சனம் இருந்தும் அந்தச் சத்தம் மேல் வரிசை வரை வந்தது. இன்னொரு கட்டத்தில் உடம்பைப் பக்கவாட்டில் சரித்து, ஒரு கை நிலத்தைத் தடவுமளவுக்குத் தாழ்ந்து வளைந்து போனார். தரைக்கு இவ்வளவு கிட்டப் போய் யாரைத் தேடுகிறான் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு என் அழுகை வெளியே வந்துவிட்டது. பக்கத்து அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும்தான் எங்கள் வரிசையில் முதலில் எழுந்து கைதட்டினோம்.

தம்பி, உங்கள் ஊரிலேயே இதற்கு விடை இருக்கிறது. வைகாசியில் காரைதீவுக் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு வைத்து, கடைசியில் குளுத்தி பாடுகிறோம். புருசனை அநியாயமாகப் பறிகொடுத்து ஊரையே எரித்தவளின் முன்னால் நாம் வாய் மூடி நிற்பதில்லை. குளிரக் குளிரப் பாடுகிறோம். துக்கத்தின் முன் பாட்டு மரியாதைக் குறைவு என்றால் நம் முன்னோர் குளுத்தியை ஆக்கியிருக்க மாட்டார்கள். பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜப்பானிலும் யாரும் பல வருசம் காத்திருக்கவில்லை. 2011 ஏப்ரல் 9-ஆம் தேதி, சுனாமி அடித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், கோபே நகரத்தில் நிதிக்காக ஸ்கேட்டர்கள் ஆடினார்கள். ரிங் மூடிக்கிடந்த அந்தப் பதினாறு வயதுப் பையனும் அதில் ஆடினான். கோபே என்ன ஊர்? 1995-ல் தன் மக்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை பூகம்பத்துக்குக் கொடுத்த ஊர். அடிபட்ட ஊரே அடிபட்ட ஊருக்கு மேடை கொடுத்தது.

ஆனாலும் பெரியவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நிகழ்ச்சிக்கு அடுத்த நாள் மார்ச் 11. அரஹாமா என்ற கடற்கரைக்கு மகள் கூட்டிப் போனாள். அங்கே நாலு மாடிப் பள்ளிக்கூடம் ஒன்றை அடிபட்டபடியே வைத்திருக்கிறார்கள். அதன் மொட்டை மாடியில் ஏறித்தான் பிள்ளைகளும் ஊர்ச் சனமுமாக 320 பேர் தப்பினார்கள். பிற்பகல் 2.46-க்குக் கடலைப் பார்த்து எல்லோரும் தலை குனிந்து நின்றோம். அங்கே பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த மௌனமும் முதல் நாள் கைதட்டலும் எனக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை, ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். ஆகவே 26 காலையைக் கடற்கரைக்கு விட்டுவிடுங்கள். ஒலிபெருக்கியே கட்ட வேண்டாம். மாலையில் கூத்துக் களரியைத் தொடங்குங்கள். எந்தக் கூத்து என்பதை ஆட்களை இழந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முடிவு செய்யட்டும். முன் வரிசை அவர்களுக்கு, டிக்கெட் இல்லாமல். எனக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வையுங்கள். ஒரு கதிரை என் தங்கச்சிக்கு.

கல்முனையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: இப்படியான நிகழ்ச்சிகளில் சேரும் காசு உண்மையில் போய்ச் சேருகிறதா? ஒருமுறை இங்கே ஒரு இசை நிகழ்ச்சிக்கு 2,000 ரூபா கொடுத்தேன். இன்றுவரை கணக்கில்லை.

உங்கள் கோபம் சரி. கணக்குச் சொல்லாதவர்களுக்கு மறுமுறை கொடுக்காதீர்கள்.

போய்ச் சேரும் இடங்களில் ஒரு விசயம் பொதுவாக இருக்கிறது: காசு யாருக்கு என்பதை டிக்கெட் விற்க முன்னமே சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 1970-ல் தொடங்கிய ஸ்கேட்டிங் நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. அங்கே படித்துக்கொண்டே ஒலிம்பிக்கிலும் ஆடிய ஜோன் மிஷா பெட்கெவிச் தொடங்கியது. காசு புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும். ஒரு விடுதி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை நடத்தி வந்தார்கள்.

2025 மார்ச் 2-ல் வாஷிங்டனில் ஸ்கேட்டர்கள் நிதிக்காக ஆடிய வேறொரு நிகழ்ச்சியை மகள் அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். அந்த ஜனவரி 29-ல் அங்கே ஆற்றுக்கு மேலே விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பத்தவர்: பிள்ளைகள், பெற்றோர், பயிற்சியாளர்கள். 12 லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பறிகொடுத்த குடும்பங்களுக்கு மட்டுமல்ல, ஆற்றில் இறங்கித் தேடிய தீயணைப்புப் படையினருக்கும் என்று முதலே பிரித்துச் சொல்லியிருந்தார்கள். தாயையும் தகப்பனையும் ஒரே நாளில் இழந்த மக்சிம் நவுமோவ் அன்று ஆடினார். அவர்கள் இருவரும் 1994-ல் இணை ஆட்டத்தில் உலகச் சாம்பியன்கள். அந்தப் பிள்ளை ஐஸில் முழங்காலில் விழுந்து அழுததை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர மாணவி: யூடியூபில் பார்த்தால் எல்லாத் தாவலும் ஒரே மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்து ரசிப்பது?

பாதத்தைப் பார். கத்தி நாலு மில்லிமீற்றர் அகலம்தான். நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு விளிம்பு. ஆட்டம் முழுவதும் அந்த உள் விளிம்பிலோ வெளி விளிம்பிலோதான் நடக்கிறது. முகம் முன்னால் பார்க்கத் தாவினால் அது ஆக்செல். மற்றத் தாவல்கள் எல்லாம் பின்னோக்கிப் போய்த் தாவுவது. எல்லாமே பின்னோக்கித்தான் இறங்கும், ஆகவே ஆக்செலுக்கு அரைச் சுற்று கூட. இதைத் தெரிந்துகொண்டால் ஒரே மாதிரி இருக்காது.

இன்னொன்று. நிகழ்ச்சி வேறு, போட்டி வேறு. போட்டியில் பின்குட்டிக்கரணம் 1976-க்குப் பிறகு தடை, 2024-ல்தான் நீக்கினார்கள். நிகழ்ச்சிகளில் அப்படித் தடை கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. நான் பார்த்த இரவில், 2012-லும் 2016-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீரர் கோஹே உச்சிமுரா விரிப்பில் கரணம் போட, பக்கத்திலே ஐஸில் ஹன்யூ சுழன்றார். ஒருவர் இறங்கும் தாளத்தில் மற்றவர் எழும்பினார். நம் கூத்தில் இரண்டு அரசர் ஒரே தாளத்துக்குச் சலங்கை போடுவதைக் கண்ட உனக்கு அது உடனே பிடிபடும்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா: மகனிடம் கனடா போகிறேன். அங்கே இப்படி ஒன்று பார்க்கலாமென்று சொல்கிறான். சீலை உடுத்துப் போகலாமா?

தாராளமாக. நான் கைத்தறிச் சீலைதான் உடுத்தேன். உள்ளே கம்பளிக் காற்சட்டை, காலுக்கு இரண்டு சொக்ஸ், மேலே மகளின் ஜக்கெற். ஐஸ் உருகாமல் வைத்திருக்கும் இடம், வெளியே வெயிலென்றாலும் உள்ளே குளிரும். முழங்காலுக்கு ஒரு போர்வை கொண்டுபோங்கள். பூவோ பொம்மையோ எறியலாமா என்று அங்கே கேட்டுவிட்டு எறியுங்கள். ஐஸில் கிடக்கும் ஒரு சின்ன இதழும் ஆடுபவரை விழுத்திவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து, வயது 11: ரீச்சர், எனக்கு ஸ்கேட்டிங் பழக ஆசை. எங்கட ஊரில ஐஸ் இல்லையே?

இல்லைதான் மகள். ஹன்யூவுக்கும் ஒரு காலம் இல்லாமல் போனது. அவருக்குப் பத்து வயது ஆன மாதம், 2004 டிசம்பரில், அவர் பழகிய ரிங்கைக் காசில்லை என்று மூடிவிட்டார்கள். அதே டிசம்பர். 2006-ல் செண்டாயில் பழகிய ஷிசுகா அரகாவா ஒலிம்பிக் தங்கம் வாங்கி, ரிங்கைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். 2007-ல் திறந்தார்கள். பின்னாளில் ஹன்யூ தன் புத்தகத்தில் வந்த காசை அந்த ரிங்குக்கே கொடுத்தார்.

ஐஸ் வரும் வரை சில்லு வைத்த ஸ்கேட்டில் பழகலாம், சமநிலை ஒன்றுதான். ஹெல்மெட்டும் முழங்கால் பட்டியும் இல்லாமல் இறங்காதே. வீதியில் வேண்டாம், பள்ளிக்கூட முற்றத்தில் பழகு. என் மகளின் பழைய ஜோடி ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது. ஒரு கடதாசியில் உன் பாதத்தை வைத்துக் கோடு கீறி, அம்மாவின் கையெழுத்தோடு இதழ் முகவரிக்கு அனுப்பு. அளவு சரியென்றால் அது உனக்குத்தான்.