மந்தம் வந்தால் மக்கள் பொங்கி எழுவார்களா?

கேள்வி: என் அண்ணன் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். சில மாதங்களாக ஷிப்ட் குறைந்து சம்பளமும் குறைந்துவிட்டது. "நாடே திவாலாகட்டும், அப்பதான் ஜனங்க பொங்கி எழுவாங்க, எல்லாம் மாறும்" என்கிறார். ஜெர்மனியில் ஹிட்லர் வந்ததைச் சொன்னால், "அது பசிச்சவன் தப்பான ஆளை நம்பினது, அவ்வளவுதான்" என்கிறார். வீட்டில் தினமும் சண்டை. அவருக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் சண்டையை விடுங்கள். சம்பளம் குறைந்த மனிதருக்கு எல்லாம் ஒரேயடியாக இடிந்து விழட்டும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அவர் நம்புகிற மாதிரி நடக்கவில்லை, அதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்டால் என்று ஒரு ஆலை ஊர் இருந்தது. ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பிப் பிழைத்தது. 1929-30-இல் ஆலையை மூடிவிட்டார்கள், முக்கால்வாசிக் குடும்பங்கள் உதவித்தொகையில் வாழ வேண்டியதாயிற்று. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்ட் போன்ற ஆய்வாளர்கள் அங்கே போய், வேலை போனவர்களின் அன்றாட வாழ்க்கையை உட்கார்ந்து கவனித்து எழுதினார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. கட்சிப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது குறைந்தது, கட்சி வேலைக்கு ஆள் வருவதும் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்து போனது. பக்கத்து வீட்டுக்காரன் உதவித்தொகை வாங்கிக்கொண்டே திருட்டுத்தனமாகக் கூலி வேலைக்கும் போகிறான் என்று மொட்டைக் கடிதம் போடுவது மட்டும் அதிகமானது, அதிலும் பெரும்பாலானவை பொய். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும். பசித்தவன் பொங்கி எழுவான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், அங்கே பசித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். 1923-இல் பணம் காகிதமாகிப் போனதுதான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று பலர் சொல்வார்கள், ஆனால் ஐந்து வருடம் கழித்து, 1928 தேர்தலிலும்கூட அவருடைய நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம்தான். அப்புறம் வந்தது, 1929-இல் தொடங்கி உலகையே உலுக்கிய பொருளாதாரப் பெருமந்தம். 1930 மார்ச்சில், வேலையில்லாதவர்களுக்கான காப்பீட்டுக்கு முதலாளியும் தொழிலாளியும் கட்டும் சந்தாவைக் கொஞ்சம் கூட்டலாமா என்ற தகராறில் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அடுத்து சான்சலராக, அதாவது அரசின் தலைவராக வந்த புரூனிங், நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமலே, குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளை வைத்து ஆட்சி நடத்தினார். சம்பளத்தை வெட்டினார், உதவித்தொகையை வெட்டினார், வரியை ஏற்றினார். 1932 தொடக்கத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். அந்த ஜூலைத் தேர்தலில் நாஜிகளுக்கு 37.3 சதவீதம்.

இங்கேதான் உங்கள் அண்ணன் கவனிக்க வேண்டும். வேலை போன ஆலைத் தொழிலாளிகளில் நிறையப் பேர் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். நாஜிகளை உயர்த்தியதில் பெரும்பங்கு, இன்னும் கடையோ நிலமோ வைத்திருந்து, அதுவும் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த சிறு வியாபாரி, கைவினைஞர், கடன்பட்ட விவசாயி ஆகியோருக்குத்தான், அதிலும் புராட்டஸ்டண்ட் கிராமங்களில். ஜெர்மனியின் வடக்கே, விவசாயிகள் அதிகமுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியில் அந்த ஜூலையில் பாதிக்கு மேல் ஓட்டு நாஜிகளுக்கே. ஆக, எல்லாம் இடிந்தால் அண்ணனைப் போன்றவர்கள் ஒரு பக்கமும், அவர் கடன் சொல்லி மளிகை வாங்கும் கடைக்காரர் எதிர்ப் பக்கமும் போய் நிற்கத்தான் அதிக வாய்ப்பு.

இன்னொன்று. 1932 நவம்பரில் நாஜிகளின் ஓட்டு 33.1 சதவீதமாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான், 1933 ஜனவரி 30-ஆம் தேதி, முன்னாள் சான்சலர் பாப்பன் போன்றவர்கள் ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி நடத்திய பேரத்தின் முடிவில், குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலராக நியமித்தார். ஆட்சியைக் கையில் கொடுத்தது பசித்த ஜனங்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதே மந்தம் ஸ்வீடனையும் அடித்தது. அங்கே 1933-இல் சமூக ஜனநாயகக் கட்சியும் விவசாயிகள் கட்சியும் ஒரு பேரத்துக்கு வந்தன: விளைபொருளுக்கு விலைப் பாதுகாப்பு, பதிலுக்கு வேலையில்லாதவர்களுக்கு நியாயமான கூலியில் அரசு வேலை. ஜெர்மனியில் எதிரெதிராகப் போய் நின்ற அதே இரண்டு தரப்பு அங்கே ஒரே பக்கம் நின்றது, ஜனநாயகமும் பிழைத்தது.

அண்ணனிடம் இந்த ஸ்வீடன் கதையிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். ஷிப்ட் குறைந்தது அவர் ஒருவருக்கு மட்டும் இருக்காது. மில்லில் தொழிற்சங்கம் இருந்தால் அங்கே போய், குறைந்த நாட்களுக்கு நிவாரணம் ஏதாவது கேட்க முடியுமா என்று இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.