கூடாத தொடை எலும்பும் முதிராத வைப்புத்தொகையும்

கேள்வி: விபத்தில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி பொருத்திப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. எலும்பு கூடவில்லை, மறுபடி அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். இப்போது பாதிச் சம்பளம்தான் வருகிறது. சேமிப்பு முழுவதும் நிரந்தர வைப்பில் இருக்கிறது. முதிர இன்னும் ஒரு வருடம். அதுவரை ஊன்றுகோலோடு சமாளிப்பதா, தனிநபர் கடன் வாங்குவதா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

ஒன்பது மாதங்களைத் தாண்டியும், கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களில் மாற்றமே இல்லை என்றால், எலும்பு தானாகக் கூடும் என்று காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை. கம்பி நிரந்தரத் தூண் அல்ல. எலும்பு கூடாத நிலையில் பாரம் தாங்கிக்கொண்டே இருந்தால் உலோகம் களைத்து ஒருநாள் உடையும். உடைந்த துண்டைத் தோண்டி எடுப்பது கடினமான வேலை, கூடுதல் செலவும்கூட. ஒரு வருட வட்டிக்காக இந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன்.

தனிநபர் கடனில் வட்டியைவிடத் தவணைதான் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் பாதிச் சம்பளத்தில் படுத்திருக்கும்போது, அடுத்த மாதமே முதல் தவணை வந்து நிற்கும்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: முறிவிடத்தில் கிருமித்தொற்று இருக்கிறதா? உங்கள் பட்ஜெட்டே அந்தப் பதிலைப் பொறுத்தது. ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் மறைந்திருக்கும் தொற்று, அறுவையின்போது எடுக்கும் திசுவைச் சோதித்த பிறகே தெரியவருவதும் உண்டு.

தொற்று இல்லையென்றால் பெரும்பாலும் ஒரே அறுவை. பழைய கம்பியை எடுத்து, எலும்பின் உட்குழாயைக் கடைந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனான கம்பியைப் பொருத்துவார்கள். அல்லது கம்பியை விட்டுவைத்துப் பக்கத்தில் உலோகத் தகடு (பிளேட்) வைத்து, தேவையானால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துணுக்குகளை நிரப்புவார்கள். இதற்கு வைப்பின் மீது கடன் வாங்குவதே என் தேர்வு. பல வங்கிகளில் வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் கேட்பார்கள், முதிரும்போது நேர்செய்துகொள்ளலாம்.

தொற்று இருந்தால் கணக்கே வேறு. முதல் அறுவையில் கம்பியை அகற்றி, கெட்ட எலும்பைச் சுரண்டி, ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்புச் சிமென்ட் வைப்பார்கள். சில வாரங்கள் மருந்து. பிறகு எலும்பு நிரப்ப இன்னோர் அறுவை. பெரிய துண்டையே வெட்டி எடுக்க நேர்ந்தால், இலிசரோவ் முறையில் வெளிச்சட்டம் மாட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் எலும்பை அந்த இடைவெளிக்குள் நகர்த்துவார்கள். நகர்ந்த எலும்பின் பின்னால் புது எலும்பு வளரும். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிக்கு நகர்த்தவே ஐம்பது நாட்கள். புது எலும்பு இறுகுவதற்கு அதைவிட அதிகக் காலம். இங்கே மருத்துவமனைக் கட்டணத்தை வருமான இழப்பு மிஞ்சிவிடலாம். இந்த நிலை வந்தால் வைப்பைத் தயங்காமல் கலைத்து, உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள்.

காப்பீடு இருந்தால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கம்பி, பிளேட், செயற்கை எலும்புப் பொருள் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு உண்டா? இரண்டு கட்ட அறுவையை ஒரே நோயாகக் கணக்கிடுவார்களா? வீடு திரும்பிய பிறகு எத்தனை நாள் செலவைத் தருவார்கள்? பாலிசி ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தால், இரண்டாம் கட்டம் புதிய ஆண்டில் விழுமா என்றும் பாருங்கள். அதற்காக அறுவையைச் சில நாட்கள் தள்ளலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், முகவர் அல்ல. தனியாக விபத்துக் காப்பீடு வைத்திருந்தால், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாராந்தரத் தொகை உண்டா என்று தேடுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவரானால் இன்றே நிறுத்துங்கள். புகை எலும்பு கூடுவதைத் தெளிவாகவே கெடுக்கும். சர்க்கரை, வைட்டமின் டி அளவுகளையும் அறுவைக்கு முன்பே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். மூன்றாவது அறுவைக்கான செலவோடு ஒப்பிட்டால் இதற்கெல்லாம் ஆகும் பணம் ஒன்றுமே இல்லை.