பூனைமுடி மீசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘கேப்ரியல் நைட் 3’ என்ற துப்பறியும் கணினி கேமை ஆடத் தொடங்கினேன். முதல் நாள் முற்பகலிலேயே பூனைமுடியில் மீசை செய்யச் சொல்கிறது. ஐந்து நாள் திணறி, வாக்த்ரூ (படிப்படியாக விடை சொல்லும் குறிப்பு) பார்த்து, வெறுத்துப்போய் கேமையே அழித்துவிட்டேன். வாக்த்ரூ பார்ப்பது தவறா? கிராபிக்ஸும் பொம்மைபோல இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

1999இல் வந்த கேமில் முகங்கள் அப்படித்தான் இருக்கும். அதை விடுங்கள்.

மீசை விஷயத்தில் எல்லோரும் பூனையைத்தான் திட்டுகிறார்கள். கொட்டகைக் கதவின் அடியில் உள்ள ஓட்டையில் டேப் ஒட்டு. பூனைமேல் தண்ணீர் பீய்ச்சு. அது ஓட்டை வழியாக ஓடும்போது முடி டேப்பில் ஒட்டும். சாப்பாட்டு அறையில் கிடைக்கும் மேப்பிள் சிரப்பைத் தடவி அதை உதட்டின்மேல் ஒட்டிக்கொள். விசித்திரம்தான், ஆனால் டேப்பில் முடி ஒட்டும், சிரப் பிசுபிசுக்கும். பிழை இங்கே இல்லை. கதாநாயகன் கேப்ரியல் தன் நண்பன் மோஸ்லியின் பெயரில் பைக் வாடகைக்கு எடுக்கத்தான் இந்த வேடம். அந்த மோஸ்லிக்கு மீசையே கிடையாது! அதனால் திருடிய பாஸ்போர்ட்டில் உள்ள அவன் படத்துக்கும் மார்க்கரால் மீசை வரைய வேண்டும். இல்லாத மீசை வேண்டும் என்று ஆடுகிறவருக்கு எப்படித் தோன்றும்? என்ன வேண்டும் என்று தெரிந்தால் வழியைத் தேடலாம். வேண்டியதே தெரியாதபோது பையில் இருப்பதையெல்லாம் கண்ணில் பட்டதன்மேல் தேய்த்துப் பார்ப்பதுதான் மிச்சம். ஐந்து நாள் நீங்கள் செய்தது அதுதான். உங்கள் அறிவில் குறை இல்லை.

ஆனால் அழித்தீர்களே, அதை மன்னிக்க முடியவில்லை. இதே கேமில்தான் ‘லெ செர்பான் ரூஜ்’ (சிவப்புப் பாம்பு) என்ற புதிர்க்கவிதை இருக்கிறது. பன்னிரண்டு ராசியும் பாம்பேந்தி என்ற விண்மீன் கூட்டமும் சேர்த்துப் பதின்மூன்று பத்திகள். கேப்ரியலின் உதவியாளர் கிரேஸின் ‘சிட்னி’ கணினியில், கதை நடக்கும் பிரெஞ்சுக் கிராமமான ரென்-லெ-ஷாத்தோவின் சுற்றுவட்டார வரைபடம். படிக்கப் படிக்க அதன்மேல் புள்ளி வைக்கிறீர்கள், வட்டம் போடுகிறீர்கள், சதுரம், எட்டுக்கு எட்டுக் கட்டம், அறுமுனை நட்சத்திரம். வேண்டியது ஒன்றுதான்: இந்த வரி வரைபடத்தில் எந்த இடத்தைச் சொல்கிறது? சரியாக வைத்தால் உருவம் அங்கேயே பூட்டிக்கொள்ளும், அடுத்த பத்தி அதன்மேல் ஏறும். தப்பாக வைத்தால் பூட்டாது. வரியை மறுபடி படிக்க வேண்டியதுதான். மீசைக்கும் இதற்கும் பொறுப்பு கேமை வடிவமைத்த ஒரே ஜேன் ஜென்சன் குழு. நீங்கள் கல்லைக் கடித்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

எரிச்சல் இன்னொன்றும் உண்டு. மூன்று நாள் கதை வேளை வேளையாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வேளைக்குரியதை முடிக்காமல் கடிகாரம் நகராது. எது பாக்கி என்றும் சொல்லாது. அப்படி நின்றுபோனால் வாக்த்ரூவைத் திறங்கள், பாக்கியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். மீசைக்கு முழுசாகவே பாருங்கள், குற்றமில்லை. செர்பான் ரூஜுக்கு மட்டும் வேண்டாம். பதின்மூன்று பத்திகளையும் நோட்டில் கையால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த உருவம், எந்த ஊர் என்று குறித்துக்கொண்டே போங்கள். திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள், இன்றைக்கே.