எதிரெதிர் வாதங்கள் உள்ள தலைப்பில் கட்டுரை எழுதும் முன் கிளஸ்டர் வரைபடம் போடுவது உதவுமா?

உதவும். தலைப்பை நடுவில் எழுதி, அதையொட்டித் தோன்றும் கருத்துகளைச் சுற்றிலும் வட்டங்களாகப் போடுவதுதான் கிளஸ்டர் வரைபடம். ஆனால் நடுவில் தலைப்பு, இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர்ப்பு என்று வட்டம் போட்டு நிறுத்திக்கொண்டால் அது வெறும் பட்டியல்தான். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துகிறவன் நான். முதல் பாதி ஆதரவு, மறுபாதி எதிர்ப்பு, கடைசியில் ‘இருபக்கமும் நியாயம் உண்டு’ என்று வழுக்கும் கட்டுரைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இந்த முறையைப் பரப்பிய அமெரிக்கப் பேராசிரியர் கேப்ரியேல் ரிக்கோ, மனத்தில் தோன்றுவதைத் தடையில்லாமல் கொட்டத்தான் இதைச் சொல்லிக் கொடுத்தார். வாதக் கட்டுரைக்கு அதற்குமேல் ஒரு வேலை இருக்கிறது: எதிரெதிர் வட்டங்களுக்கு இடையே கோடு இழுப்பது.

‘தமிழ்நாட்டில் முழு மதுவிலக்கு வேண்டுமா?’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஆதரவுப் பக்கம் குடும்ப வருமானம், சாலை விபத்து, வீட்டுக்குள் வன்முறை, மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு. எதிர்ப்பக்கம் அரசு வருவாய், கள்ளச்சாராயம், எல்லை தாண்டிய கடத்தல், தனிமனித உரிமை. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள்.

இனி கோடு. ‘வருவாய்’ வட்டத்துக்கு எதிரே என்ன இருக்கிறது? பெரும்பாலும் காலியிடம். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ‘மக்கள் நலனே முக்கியம்’ என்ற ஒற்றை வரியில் அதைத் தாண்ட முடியாது. தேடினால் ராஜாஜி கிடைப்பார். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவர், வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அதை எழுதிக் கோடு இழுத்ததுமே எதிர்ப்பக்கம் ஒரு பதில் முளைக்கும்: 2017இல் ஜிஎஸ்டி வந்தபிறகு ஒரு மாநிலம் தன் இஷ்டத்துக்கு அப்படியொரு வரி போட முடியுமா? ஜிஎஸ்டிக்கு வெளியே மாநிலத்தின் கையில் மிஞ்சிய சிலவற்றில் மதுவே ஒன்றாயிற்றே! வாதம், மறுப்பு, அதற்கும் மறுப்பு என ஒரு பத்தி தானாக அமைந்துவிட்டது.

‘கள்ளச்சாராயம்’ இதைவிடச் சுவையானது. கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். 2016 முதல் மதுவிலக்கு உள்ள பீகாரின் சாராயச் சாவுகளைக் காட்டுவார்கள். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானபோது தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் திறந்துதானே இருந்தன? ஆக, இந்த வட்டத்தை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அப்படிப்பட்டதை அழித்து நடுவில் போடுங்கள். உங்கள் சொந்த நிலைப்பாடு அங்கேதான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது இது: கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், கூலிக்காரர் மலிவான சாராயப் பாக்கெட்டைத் தேடிப் போவதையும் அதை விற்பவரைக் காவல்துறை கண்டுகொள்ளாமல் விடுவதையும் பேசாமல் மதுவிலக்கைப் பேச முடியாது.

எந்தக் கோடும் சேராமல் தனித்து நிற்கும் வட்டத்தை ஒரு வாக்கியத்தில் முடியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மேலே உள்ளதில் எனக்கு அது எல்லைக் கடத்தல்.

யுபிஎஸ்சி கட்டுரைத் தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து, பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். கலர் பேனா, செயலி எதுவும் வேண்டாம். பென்சில் போதும், கோடுகளைத்தான் அடிக்கடி அழிக்க வேண்டியிருக்கும்.